ஐம்பத்தொரு தட்டுச் சீர்

அழகிரிசாமிக்கு வாய் நீளம். அதில் தப்பு சொல்வதற்கும் இல்லை, அந்த வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. துடியலூரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மூன்று லேத்தை வைத்து ஆரம்பித்தவர், பத்து வருஷத்தில் வடக்கே லாரி லாரியாக பம்ப்செட் அனுப்புகிற ஆளானார் என்றால் பாதி உழைப்பு, பாதி வாய். கையில் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி ஆர்டர் பிடிப்பார். அப்புறம் ஆட்களைப் பிழிந்தெடுத்து, சொன்ன தேதிக்குள் சரக்கை ஏற்றிவிடுவார். சொன்ன பொய்யைக் கடைசியில் மெய்யாக்கிவிட்டால் அது பொய்யே இல்லை என்பது அவர் கட்சி. அவர் மனைவி பத்மாவதிக்கு இதெல்லாம் இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அந்த வாயை மகள் பிரத்யுஷாவின் நிச்சயதார்த்தத்தன்றாவது அவர் சும்மா வைத்திருந்திருக்கலாம். வைத்திருக்க முடியவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், வைகாசி மாதம். மாப்பிள்ளை சாய்குமாரின் அப்பா கோவிந்தராஜுலு இரண்டு நூல் மில்லுக்குச் சொந்தக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். ஹாலில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "வரதட்சணை கிரதட்சணையெல்லாம் எங்க பழக்கத்துலயே இல்லீங்க. ஆண்டவன் குடுத்தது எங்களுக்கு இருக்குது. கல்யாணத்தை மட்டும் கொஞ்சம் கிராண்டாப் பண்ணிருங்க, அது போதும்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை லட்சம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடமா அது?

அழகிரிசாமி உடனே உள்ளே போய் பீரோவைத் திறந்து நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூற்றைம்பது பவுன். சோபாவிலேயே பரப்பினார். மேலாக ஒரு ஒட்டியாணம், நடுவில் சிவப்புக்கல் பதித்த மயில் முகப்பு. சம்பந்தியம்மாள் அதைக் கையில் எடுத்து, எடை பார்த்து, திரும்ப வைத்துவிட்டாள்.

"ரொம்பச் சந்தோசமுங்க," என்றார் கோவிந்தராஜுலு. "ஆமா, அம்மணிக்குத் தாய்மாமன் என்னங்க பண்றாரு?"

"காரமடையில தோட்டமுங்க. முப்பது ஏக்கரா. மிராசுதாரருங்க," என்றார் அழகிரிசாமி, மூச்சு விடாமல். "அக்கா புள்ளைன்னா உசுருங்க அவருக்கு. கல்யாணத்துக்குச் சீரு கொண்டுவருவாரு பாருங்க, கண்ணு கூசிப்போயிரும்."

முறுக்குத் தட்டோடு நின்றிருந்த பத்மாவதி பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த முப்பது ஏக்கரா மிராசுதார், அவளுடைய தம்பி சென்னகேசவன், அந்த நேரத்தில் பின்கட்டில் சமையல்காரரோடு குந்தி உட்கார்ந்து பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது இரண்டரை ஏக்கர். அதில் கொஞ்சம் கறிவேப்பிலை, கொஞ்சம் வாழை.

சம்பந்திகளின் கார் தெருமுனை திரும்பியதும் அவள் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, இப்பிடிச் சொல்லிப்போட்டீங்க? அவங்க ஏற்கெனவே ஒரு நிச்சயத்தை முறிச்சவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, பொண்ணூட்டுக்காரன் இருக்கற கடனை மறைச்சுட்டான். பத்திரிகை அடிச்சதுக்கப்பறம் முறிச்சாங்க."

"அப்பிடிப்பட்டவங்ககிட்டப் போயி இல்லாததைச் சொல்லலாமுங்களா? பொண்ணு நாளைக்கு அங்க வாழோணுமில்ல?"

"யாரு இல்லாததைச் சொன்னா? சீரு வரத்தானே போகுது?" அழகிரிசாமி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "நூத்தம்பது பவுன்ல அம்பதை எடுத்து மாமன் தட்டுல வெச்சுரலாம். வெள்ளிச் சாமான் ஊட்டுல இருக்குது. ரொக்கம் ஒரு லட்சம் நான் தாரேன், மேடையில வாங்கி மறுபடியும் என்ற பையிலயே போட்டுக்கப்போறேன். உன்ற தம்பி முன்னால நடந்து வரோணும், அவ்வளவுதான். நடக்கறதுக்குக் காசா பணமா?"

"கேசவன் ஒத்துக்கோணுமில்லீங்க."

"நீ சொன்னா ஒத்துக்குவான்," என்றார் அவர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம்.

தாயில்லாத பிள்ளைக்கு ஐந்து வயதிலிருந்து சோறூட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் பத்மாவதி. அக்கா சொல்லைத் தட்டுவது என்றால் என்னவென்றே சென்னகேசவனுக்குத் தெரியாது. மனைவி போய் நாலு வருஷமாகிறது. ஒரே மகள் ரங்கநாயகி. அவளுக்கும் பத்மாவதிதான் அந்த மாசியில் சத்தியமங்கலத்தில் ஒரு இடம் பார்த்து முடித்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா வேலை. அப்பா திருமலைசாமி ரிட்டயரான வாத்தியார். "என்ற தம்பிக்கு அஞ்சு பவுனுக்கு மேல சக்தி இல்லீங்க. ரங்கநாதர் கோயில்ல தாலி கட்டிக்கலாமுங்க" என்று அவள் சொன்னபோது, "எங்களுக்குப் பொண்ணுதானுங்க அம்மணி வேணும், பவுனா வேணும்?" என்று சொன்ன மனுஷர் அவர். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

மறுவாரம் அவள் கணவரோடு காரில் காரமடை போனாள். மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டியே தோட்டம். அழகிரிசாமி காரைவிட்டு இறங்காமல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே, "ரோட்டு மேலயே இருக்குது பாரு எடம். இதுல போயி கறிவேப்பிலையைப் போட்டு வெச்சிருக்கான்" என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளை இறக்கிவிட்டு அவர் மேட்டுப்பாளையத்தில் யாரையோ பார்க்கப் போய்விட்டார்.

சென்னகேசவன் அவளை உட்காரக்கூட விடவில்லை. "அக்கா, வா வா, உனக்கு ஒண்ணு காட்டோணும்" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நகைக்கடைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். மூன்று பவுன் சங்கிலி. கூடவே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. தொழுவத்தில் கட்டியிருந்த இரண்டு சிந்து மாட்டையும் காணோமே என்று வரும்போதே நினைத்தாள். இப்போது புரிந்தது.

"நல்லாருக்குதா அக்கா? பாப்பாவுக்குப் பிடிக்குமா?"

அவள் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை முறுக்கியபடி, சொல்ல வந்ததைச் சொன்னாள். முப்பது ஏக்கராவில் ஆரம்பித்து ஐம்பது பவுன் வரைக்கும்.

சென்னகேசவன் பெட்டியை மூடினார். கொஞ்ச நேரம் அதன் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுத்தார். "சரிக்கா. உனக்காக நடந்து வாரேன்" என்றார். "என்ற சங்கிலியையும் ஒரு மூலைத் தட்டுல வெச்சுக்கறனே? அம்பது பவுனுக்கு நடுவுல ஆரு பாக்கப்போறாங்க?"

"மாமாகிட்டக் கேட்டுச் சொல்றேன் கண்ணு."

கேட்டாள். மாமா சிரித்தார். "மூணு பவுன் சங்கிலியா? ஆராச்சும் கையில எடுத்துப் பாத்தா மானமே போயிரும். ஊட்டுலயே வெச்சுக்கச் சொல்லு."

அப்புறம் ஆவணி வரைக்கும் அந்த வீட்டில் செலவைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவிநாசி ரோட்டில் குளிர்சாதன மண்டபம். வெல்வெட் ஒட்டிய பத்திரிகை, ஒன்று நாற்பது ரூபாய். பாலக்காட்டிலிருந்து செண்டைமேளம், சென்னையிலிருந்து மெல்லிசைக் குழு, வாசலில் பன்னீர் தெளிக்கிற மோட்டார் வைத்த யானை. பிரத்யுஷாவும் சளைத்தவளில்லை. முகூர்த்தப் புடவை இருபத்தெட்டாயிரம், ரிசப்ஷன் புடவை அதற்கு மேல். சாய்குமார் தினமும் சாயங்காலம் போன் போட்டு, தன் சிநேகிதன் கல்யாணத்தில் ஏழு வகை ஐஸ்கிரீம் போட்டார்கள் என்பான். அவள் அப்பாவிடம் வந்து எட்டு வகை கேட்பாள். இரண்டு பேரும் சேர்ந்து வாழப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி பத்மாவதி கேட்டதில்லை. கோட்டைமேட்டிலிருந்து ரசாக் பாய் வந்து மூன்று நாள் தங்கி, ஐம்பத்தொரு சீர்த்தட்டுக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, ஜிகினா ஒட்டி, பொம்மை வைத்துக் கொடுத்தார். "மாமன் கொடுத்து வெச்சவருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், விஷயம் தெரியாத நல்ல மனுஷர்.

இத்தனை யோசித்தவர்களுக்கு ஒன்றே ஒன்று தோன்றவில்லை. கோவிந்தராஜுலு என்ன நினைப்பார் என்று மூன்று மாதம் புரண்டு புரண்டு படுத்தார்களே, அதே பந்தலில் வந்து உட்காரப்போகிற திருமலைசாமி என்ன நினைப்பார் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமா இல்லையா? வருங்காலச் சம்பந்தியாயிற்றே என்று சென்னகேசவனே பஸ் ஏறிப்போய், வெற்றிலை பாக்கு வைத்து அவர்களை அழைத்திருந்தார். பணக்காரச் சம்பந்தி நினைப்பது தூக்கத்தைக் கெடுக்கும். இல்லாதப்பட்ட சம்பந்தி நினைப்பதை யார் யோசிக்கிறார்கள்?

கல்யாணத்தன்று காலையில் சென்னகேசவனுக்குப் பட்டு ஜிப்பா போட்டுவிட்டார்கள். விரலில் அழகிரிசாமியின் மோதிரம். பக்கத்து பெட்ரோல் பங்கில் ஒரு காண்டஸா காரில் ஏற்றி, நூறு கஜம் ஓட்டி, மண்டபத்து வாசலில் இறக்கினார்கள். செண்டை முழங்கியது. முன்னால் அவர், பின்னால் ஐம்பத்தொரு பெண்கள், தலைக்கு ஒரு தட்டு. மண்டபமே எழுந்து நின்று பார்த்தது. பாதி வழியில் வீடியோக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், லைட்டு மூஞ்சில விழுகலைங்க. மறுபடியும் வாசல்லருந்து நடந்து வாங்க."

சென்னகேசவன் திரும்பிப் போய் மறுபடியும் நடந்து வந்தார். "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார் வீடியோக்காரர். சிரித்தார்.

மேடையில் மைக் வைத்திருந்தவர் சீட்டைப் பார்த்து முழங்கினார்: "மணமகளின் தாய்மாமன், காரமடை மிராசுதார் சென்னகேசவன் அவர்களின் சீர்! ஐம்பது பவுன் தங்கம்! ஐந்து கிலோ வெள்ளி! ரொக்கம் ஒரு லட்சத்து ஒன்று!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சம்பந்தியம்மாள் முதல் தட்டிலிருந்த ஒட்டியாணத்தைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து தன் கணவரைப் பார்த்தாள். அழகிரிசாமி அதைக் கவனித்துப் பூரித்துப்போனார். அசந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

நாலாவது வரிசையில் திருமலைசாமி உட்கார்ந்திருந்தார். பத்மாவதி மேடையிலிருந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் கும்பிடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் எழுந்தார், மனைவியைக் கூட்டிக்கொண்டு பந்திப் பக்கமே போகாமல் வெளியே நடந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் கை நனைக்காமல் போகிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்குள் யாரோ குங்குமச் சிமிழைக் கேட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

ஐந்தாம் நாள் பெண் வீட்டில் விருந்து. சாய்குமாரும் பிரத்யுஷாவும் வந்திருந்தார்கள், சம்பந்திகள் வந்திருந்தார்கள். மிராசுதார் இல்லாமல் நன்றாக இராது என்று சென்னகேசவனையும் வரச்சொல்லியிருந்தார் அழகிரிசாமி. அதே பட்டு ஜிப்பாவில்தான் வர வேண்டும் என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். சென்னகேசவன் வந்ததும் அடுக்களைக்குள் போய், ஜிப்பாப் பையிலிருந்து அந்த நகைப் பெட்டியை எடுத்தார். "அக்கா, அன்னைக்குத்தான் முடியல. இப்பப் பாப்பா கையில குடுத்துப்போடட்டுமா?"

"இப்ப வேண்டாம் சாமி. அம்பது பவுன் போட்ட மாமன் எதுக்கு மறுபடியும் மூணு பவுன் குடுக்கறாருன்னு அந்தம்மா கேட்டா நான் என்னன்னு சொல்றது? பொறவு குடுத்துக்கலாம்."

பெட்டி மறுபடியும் பைக்குள் போயிற்று. இலை போடலாமா என்று அழகிரிசாமி கேட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திருமலைசாமி. வெயிலில் வந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. ஹாலில் எல்லோரும் இருப்பதைப் பார்த்தும் அவர் தயங்கவில்லை.

"வாங்க வாங்க, சாப்பிடற நேரத்துக்குச் சரியா வந்தீங்க," என்றாள் பத்மாவதி.

"சாப்பிட வரலீங்க அம்மணி. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்க தம்பி ஊட்டுக்குத்தான் முதல்ல போனேன். இங்க வந்திருக்கறதா அந்தப் புள்ளை சொல்லுச்சு. அதுவும் நல்லதுதான்." அவர் சென்னகேசவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "தம்பிக்கு அஞ்சு பவுனுக்கு மேல சக்தியில்லைன்னு சொன்னது நீங்க. அக்கா மகளுக்கு அம்பது பவுனும் வெள்ளியும் லட்ச ரூபாயும் போட்டதை நான் என்ற கண்ணால பாத்தேன். பெத்த மகளுக்கு அஞ்சு. ஏனுங்க, வாத்தியார் மகன், குமாஸ்தா வேலை, அவனுக்கு இது போதும்னு நெனைச்சுட்டீங்களா? நாங்க ஒண்ணும் கேக்கலீங்க, கேக்காததுக்குக் கெடைச்ச மரியாதைங்களா இது?"

சென்னகேசவனின் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கோணத்தில் ஒரு அடி விழும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"பவுனுக்காக நான் வரலீங்க," என்றார் திருமலைசாமி. குரல் இறங்கியது. "அந்தச் சீரு உங்க தம்பியோடது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. யாரு வாங்குனதுன்னுகூடக் கேக்க மாட்டேன். அஞ்சு பவுனும் வேண்டாம், மஞ்சக்கயிறு போதும், தையில புள்ளையைக் கூட்டிட்டுப் போறேன். அவரோடதுதான்னா இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாமுங்க. இந்தா, சாமி படம் இருக்குது. ரங்கநாதர் மேல கையை வெச்சுச் சொல்லுங்க."

ஹாலை ஒட்டியே பூஜை அறை, கதவு திறந்திருந்தது. பத்மாவதி கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே மிரட்டினார். மகளைப் பார்த்தாள். பிரத்யுஷா, கழுத்தில் தாலியின் மஞ்சள் காயாதவள், அம்மா வாயைத் திறந்து கெடுத்துவிடுவாளோ என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். கோவிந்தராஜுலு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சடித்த பத்திரிகையைக் கிழித்த குடும்பம். பொய் சொல்லிக் கட்டிவைத்தார்கள் என்று மகளைத் திருப்பி அனுப்பினால்? தம்பியைப் பார்த்தாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். 'சொல்லிரு அக்கா' என்று முகம் கெஞ்சியது. அவள் வாழ்க்கையில் அந்தப் பிள்ளை அவளிடம் கெஞ்சியது அது ஒரு தடவைதான்.

அவள் உள்ளே போனாள். படத்தின் மேல் கையை வைத்தாள். "ரங்கநாதர் மேல சத்தியமா, சீரு என்ற தம்பி கொண்டாந்ததுதானுங்க."

அடிப்பாவி, என்று சொல்லத் தோன்றுகிறதா? அவளே அவளை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

திருமலைசாமி சென்னகேசவன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அப்பிடித்தானுங்களா?"

சென்னகேசவன் எழுந்து நின்றார். அக்காவைப் பொய்க்காரியாக்க அவரால் முடியாது. "ஆமாங்க" என்றார். திருமலைசாமி எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே சென்னகேசவனும் ஓடினார், செருப்பைக்கூட மாட்டாமல்.

"ஒரம்பரை சொந்தத்துக்குள்ள இதெல்லாம் சகஜமுங்க. வாங்க, இலை போட்டாச்சு," என்றார் அழகிரிசாமி.

பந்தி நடந்தது. பத்மாவதிதான் பரிமாறினாள். கோவிந்தராஜுலு நிதானமாகச் சாப்பிட்டார். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே, சிரித்தபடி சம்பந்தி பக்கம் சாய்ந்தார்.

"பாவம், அந்த வாத்தியாருகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமுங்க சம்பந்தி. எதுக்கு அந்தப் புள்ளை பொழப்புல மண்ணு?"

அழகிரிசாமியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "என்னங்க உண்மை?"

"அட, எங்களுக்குத் தெரியாதுங்களா? நிச்சயத்தன்னைக்கு நீங்க சோபாவுல பரப்பிக் காட்டுன அதே மயில் ஒட்டியாணந்தானுங்களே மாமன் தட்டுலயும் வந்துச்சு. மேடையிலயே எங்கூட்டுக்காரி கண்டுபுடிச்சுட்டா. மாமனுக்கு ரெண்டரை ஏக்கராதான்னு நிச்சயத்துக்கு மறுநாளே எங்க மேனேசர் விசாரிச்சுச் சொல்லிட்டான்." இலையை வழித்தார். "அதுல என்னங்க இருக்குது? நூத்தம்பது பவுன்னீங்க, நூத்தம்பதும் வந்துருச்சு. யாரு தட்டுல வந்தா எங்களுக்கென்ன? நாலு பேரு முன்னால பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அம்மா, இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க."

அவள் ஊற்றினாள். ஒரு சொட்டு இலைக்கு வெளியே விழுந்தது. அழகிரிசாமி ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, சம்பந்தியோடு சேர்ந்து கடகடவென்று சிரித்தார். சாய்குமாரும் சிரித்தான். பிரத்யுஷாவும் சிரித்தாள்.

அவர்கள் போனதும், "இப்பவே சத்தியமங்கலம் போயிச் சொல்லிப்போட்டு வரலாமுங்க" என்றாள் பத்மாவதி. "ஆறட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். நாலு நாள் கழித்துக் கேட்டாள். "பாத்துட்டுத்தான் இருக்கறேன்" என்றார். வெள்ளிக்கிழமை டிபன் சாப்பிடும்போது கேட்டாள். கம்பெனியில் பேருக்கு அவளும் பங்குதாரர் என்பதால் அடிக்கடி நீட்டுவதுபோல ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "உன்ற தம்பி விசயந்தான், முடியப்போகுது" என்றார். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை அவர் கம்பெனிக்குப் போனதும் பஸ் ஏறினாள். முதலில் தம்பியைக் கூட்டிக்கொண்டு, நேரே திருமலைசாமி வீட்டுக்குப் போய், காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

தோட்டத்தில் இரண்டு பேர் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கறிவேப்பிலைப் பாத்திக்குள்ளேயே காலை வைத்து நடந்தார்கள். சென்னகேசவன் வரப்பில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் வந்தார். "வா அக்கா. வெயில்ல வந்துட்டியே." ரங்கநாயகி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"இது என்ன சாமி, எதுக்கு அளக்கறாங்க?"

"ரங்கநாயகி கல்யாணம் தையிலயே நடக்குது அக்கா. அன்னைக்குத் திருமலைசாமி பின்னாலயே போயி, ரோட்டுல வெச்சு அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன். அக்கா மகளுக்குப் போட்டது அம்பதுன்னா என்ற மகளுக்கும் அம்பது, அஞ்சுன்னது தப்புத்தான், மன்னிச்சுக்குங்கன்னேன். அந்த மனுசன் அழுதுட்டாரு."

"ஐயோ கண்ணு, எதுக்கு? நான் போயி உண்மையைச் சொல்லிப்போடறேன். அதுக்குத்தான் வந்தேன். சம்பந்திக்கே எல்லாம் தெரியுமாம்டா!"

"இப்பச் சொன்னா?" சென்னகேசவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ரங்கநாதர் மேலயே பொய்ச்சத்தியம் பண்ணுனவங்க ஊட்டுப் பொண்ணுன்னு அவளை ஆரு அக்கா கட்டுவாங்க? நீ சத்தியம் பண்ணிட்டே. நான் அதை மெய்யாக்கித்தானே ஆகோணும்?"

கயிற்றுக் கட்டிலில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. சாய்குமார், பிரத்யுஷா என்று பேர் அச்சடித்த கல்யாணத் தாம்பூலப் பை. உள்ளே நோட்டுக் கட்டுகள் தெரிந்தன.

"வாங்கறது ஆரு?" என்றாள்.

சென்னகேசவன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "மாமாதான். ரோட்டு மேல இருக்கற எடம், வெளியாளுக்கு எதுக்குப் போகோணும்னாரு. அவசரத்துக்கு விக்கறதால வெலை பாதிதான் வருது. பூர்வீகச் சொத்து, உன்ற கையெழுத்தும் வேணும்னாங்க. வெள்ளிக்கிழமையே நீ போட்டுக் குடுத்துட்டேன்னு மாமா காயிதத்தைக் காட்டினாரே?" நாடாப் பிடித்தவர்களில் ஒருவர் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. "ஏன் அக்கா, உனக்குத் தெரியாதா?"

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தெரியாது, என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் புருஷன் மானம் போகும், கிரயம் நிற்கும், ரங்கநாயகியின் கல்யாணமும் நிற்கும். இப்படி அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மோரை ஒரு வாய் குடித்தாள்.

"தெரியும் கண்ணு," என்றாள் பத்மாவதி.

"அப்பச் சரி," என்றார் சென்னகேசவன். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க தோட்டத்தில் இறங்கினவர் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னார். "தையில கல்யாணத்துக்கு வா அக்கா. சீரு மட்டும் ஒண்ணும் கொண்டுவராதே."